மழை வந்துவிட்டது என்று யார் சொல்வது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் டூசான் என்ற ஊர் இருக்கிறது. சோனோரா பாலைவனத்து ஊர். ஜூன் கடைசியில் அங்கே எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். 1990 ஜூன் 26 அன்று அங்கே 47 டிகிரி செல்சியஸ் அடித்தது. அதே நாள் வடக்கே ஃபீனிக்ஸ் நகரத்தில் 50. அத்தனை சூட்டில் விமானம் எப்படி மேலேறும் என்ற கணக்கு அன்றைக்கு விமானிகளின் அட்டவணையிலேயே இல்லை. அதனால் ஃபீனிக்ஸில் சில விமானங்களை நிறுத்தி வைத்தார்கள்.

டூசான்காரர்களுக்கு ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆண்டில் முதல்முறையாக வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாளில், "சாண்டா குரூஸ் ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது" என்பார்கள். அந்த ஆற்றில் பனிக்கட்டி எங்கே இருக்கிறது? ஊருக்குள் பெரும்பாலான நாட்கள் தண்ணீரே கிடையாது. இந்தப் 'பனி உடைதல்' பொதுவாக மே கடைசிவாக்கில் நடக்கும். அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரே வேலைதான், வானத்தைப் பார்ப்பது.

பார்ப்பதற்கு ஏதாவது இருக்கவும் செய்யும். ஜூன் பிற்பகுதியில், மதியத்துக்கு மேல், ஊரின் வடக்கே சாண்டா கேட்டலினா மலைத்தொடரின் தலையில் மேகம் பொங்கி எழும். அடிவயிறு கருக்கும். எங்கோ உறுமும். மேகத்திலிருந்து சாம்பல் நிறத்தில் திரைச்சீலை மாதிரி மழை இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஆனால் அந்தத் திரை பாதி வழியிலேயே கரைந்துபோகும். கீழே இருக்கும் காற்று அவ்வளவு வறண்டது. தரையைத் தொடுவதற்குள் துளிகளைக் குடித்துவிடுகிறது. வானிலைக்காரர்கள் இதை விர்கா என்கிறார்கள். இருட்டியதும் மேகம் கலைந்துவிடும். மறுநாள் மதியம் மறுபடியும் இதே கூத்து.

தமிழ்க் கவிதை மரபு, பாலை நிலத்துக்குப் பிரிவையும் முல்லை நிலத்துக்குக் காத்திருப்பையும் கொடுத்தது. முல்லைக்குக் கார்காலத்தையும் சேர்த்தே கொடுத்தது. சோனோராவில் அந்தப் பங்கீடு செல்லாது. பாலையிலேயே உட்கார்ந்து கார்காலத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

சரி, அமெரிக்கப் பாலைவனத்தில் மான்சூன் எங்கிருந்து வந்தது? மான்சூன் என்ற சொல்லின் வேர் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல். பொருள், பருவம். மழையைவிட, பருவத்துக்குப் பருவம் திசை மாறும் காற்றுக்குத்தான் அந்தப் பெயர் முதலில் பொருந்தும். அரிசோனாவில் நடப்பதும் அதுதான், நம் தென்மேற்குப் பருவக்காற்றைவிடச் சிறிய அளவில். ஆண்டின் பெரும்பகுதி மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. கோடையில் நிலம் காய்ந்து, மெக்சிகோவின் மேலே உட்கார்ந்திருக்கும் உயர் அழுத்த மண்டலம் மெல்ல வடக்கே நகர்கிறது. நகர்ந்ததும் காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் திரும்பி வீசத் தொடங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து உயரத்தில் கொஞ்சம் ஈரம் வந்து சேர்கிறது. தாழ்வான அடுக்கில் வரும் ஈரத்துக்குக் கலிபோர்னியா வளைகுடாவும் அதற்குத் தெற்கே உள்ள பசிபிக் கடலும்தான் மூலம். கலிபோர்னியா வளைகுடா என்பது மெக்சிகோவின் மேற்குக் கரையில் ஒரு நீண்ட சந்து மாதிரி நுழைந்திருக்கும் வெதுவெதுப்பான கடல். அந்தச் சந்தின் வடகோடி நன்றாகச் சூடேறிய பிறகுதான் அரிசோனாவுக்கு வழி திறக்கும்.

மெக்சிகோவின் மேற்கு சியரா மாத்ரே மலைகளில் ஜூன் மாதத்திலேயே மழை பிடித்துவிடும். அது மலைத்தொடரை ஒட்டியே வடக்கு நோக்கி ஏறி வருகிறது. டூசானை எட்டும்போது சராசரியாக ஜூலை 3. அரிசோனா இந்த மழையின் வாலில் இருக்கிறது. அதுதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். உயர் அழுத்த மண்டலம் நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும், மெக்சிகோவுக்குள் கொட்டும் மழை எல்லை தாண்டாது. 1955-இல் ரீட் பிரைசன், வில்லியம் லோரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அரிசோனாவின் கோடை மழையை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜூன் முடிந்து ஜூலை பிறக்கும்போது மழையளவு படிப்படியாக ஏறவில்லை, ஒரே தாவாகத் தாவுகிறது என்பது அதன் சாரம். ஆனால் அது பல ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் தெரியும் தாவல். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எந்த நாளில் தாவும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஆக, மழை வந்துவிட்டது என்று யார் சொல்வது? இந்த ஊரில் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஸ்பானியர் கொண்டுவந்தது ஒன்று. ஜூன் 24, யோவான் ஸ்நானகரின் திருநாள். சான் ஹுவான் நாள் என்பார்கள். தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்தவரின் நாளில் மழையும் தொடங்கும் என்பது நம்பிக்கை. 1540-இல் இந்தப் பக்கம் வந்த கொரொனாதோ என்ற ஸ்பானியத் தளபதி ஜூன் 24 அன்று மண்டியிட்டு வேண்டினார், மழை பெய்தது என்று ஒரு கதையும் உலவுகிறது. கதை கதைதான். ஆனால் டூசானில் இன்றும் அந்த நாளில் ஊர்வலம் போகிறார்கள். சராசரிக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒன்பது நாள் முந்திதான். வேண்டுதல் என்றால் முந்தித்தானே செய்ய வேண்டும்.

அதைவிடப் பழையது இந்தப் பாலைவனத்துப் பழங்குடிகளான தொஹோனோ ஓதாம் மக்களின் கடிகாரம். பெயரின் பொருளே பாலைவன மக்கள் என்பது. வெளியார் வைத்த 'பாபகோ' என்ற பெயரை 1986-இல் அதிகாரபூர்வமாகக் கைவிட்டுச் சொந்தப் பெயருக்குத் திரும்பியவர்கள். அவர்களுக்கு ஆண்டு பிறப்பதே சவாரோ பழ அறுவடையில்தான். சவாரோ என்பது கைகளைத் தூக்கி நிற்கும் ஆள் மாதிரி இருக்குமே, அந்த ராட்சதக் கள்ளி. 12 மீட்டருக்கு மேலும் வளரும், 150 ஆண்டும் வாழும். பழமோ உச்சியில் இருக்கும். பறிக்கத் துறட்டி வேண்டும். செத்துப்போன சவாரோவின் உள்ளே விலா எலும்பு போல நீளமான கட்டைகள் மிஞ்சும். அவற்றை இணைத்துத்தான் துறட்டி கட்டுகிறார்கள். கிழட்டுக் கள்ளியைக் கொண்டு வாழும் கள்ளியின் பழத்தைப் பறிப்பது.

பழச் சதையைக் கொதிக்க வைத்துப் பாகு காய்ச்சுவார்கள். அதில் கொஞ்சத்தைத் தண்ணீர் கலந்து புளிக்க வைத்தால் ஒருவகைக் கள். இரவெல்லாம் பாடி, ஆடி, அந்தக் கள்ளைக் குடிப்பது மழையை இறக்கும் சடங்கு. மண் எப்படித் தண்ணீரில் ஊற வேண்டுமோ அப்படி மனிதர் ஊற வேண்டும் என்பது உள்பொருள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் அந்தக் கள்ளியைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஒரு பழத்தில் சுமார் 2,000 விதை. பழம் வெடித்துச் சிந்துவது வறட்சி உச்சத்தில் இருக்கும் ஜூன் கடைசியில். ஏன் அப்போது? முளைக்கத் தேவையான ஈரம் அடுத்த சில வாரங்களில் வரும் என்பதால். மழை வருவதற்கு முன்பே விதை தரையில் கிடக்க வேண்டும். ஆக, பழம் சிவந்தால் மழை நெருங்கிவிட்டது என்று ஓதாம் மக்கள் சொன்னது மூடநம்பிக்கையாகாது. சவாரோவே அந்தக் கணக்கில்தான் பிழைக்கிறது.

மழை மாதம் பிறந்ததும் அவர்கள் விதைத்தார்கள். வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்வோமே, அதுவேதான், ஆனால் இன்னும் நுணுக்கமானது. வயல் மேலே விழும் மழையை மட்டும் நம்பிப் பயனில்லை. அதனால் மலையிலிருந்து வரும் வறண்ட ஓடை சமவெளியில் விரிந்து பரவும் இடத்தைப் பார்த்து வயல் வைப்பார்கள். எங்கோ மலையில் பெய்த மழை ஓடையில் வெள்ளமாகி, மண்ணையும் சருகையும் உரமாகச் சுமந்து வந்து வயலில் படியும். டெப்பரி என்ற சிறு பயறுதான் முக்கியப் பயிர். சில நல்ல வெள்ளம் கிடைத்தாலே காய்த்துவிடும். தண்ணீர் அதிகமானால் இலையாக வளர்ந்து காய் குறைந்துபோகும். பஞ்சத்துக்கு என்றே படைத்த பயறு.

மூன்றாவது கடிகாரம் வானிலை அலுவலகத்துடையது. இதில்தான் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. பல ஆண்டுகளாக அங்கே பனிப்புள்ளியை வைத்துத்தான் மான்சூன் தொடக்கத்தைச் சொன்னார்கள். காற்றை எந்த அளவுக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் பனித்துளியாக இறங்குமோ அந்த வெப்பநிலைதான் பனிப்புள்ளி. காற்றில் ஈரம் கூடினால் இந்த எண்ணும் ஏறும். டூசானில் நாள் சராசரிப் பனிப்புள்ளி தொடர்ந்து மூன்று நாள் 54 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது இருந்தால், அந்த மூன்றில் முதல் நாள் மான்சூன் பிறந்த நாள். ஃபீனிக்ஸுக்கு 55. செல்சியஸில் சொன்னால் 12, 13 டிகிரி. சென்னையில் பனிப்புள்ளி 25-ஐச் சுற்றி நிற்கும் மாதங்கள் உண்டு. அந்த வெயிலில் வியர்த்து வளர்ந்தவர்களுக்கு 12 டிகிரி ஈரம் ஒரு ஈரமா என்று தோன்றும். பாலைவனத்துக்கு அதுவே பெரிய விருந்தாளி.

இந்த அளவுகோலைக் கருவி இல்லாமலேயே உணரலாம். பழைய வீடுகளில் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர்தான் இருக்கும். வறண்ட ஜூனில் அது அற்புதமாக வேலை செய்யும். நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டைத் தின்றுவிடும் அல்லவா, அதுதான் சூத்திரம். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் நீர் ஆவியாக மறுக்கும். கூலர் புழுக்கத்தைத்தான் ஊதும். கூலர் தோற்றுப்போகும் வாரம்தான் மழை கதவைத் தட்டும் வாரம். மழை வேண்டும் என்று தவம் கிடப்பவர்களுக்கு, மழைக்கு முந்திய அந்த ஒரு வாரம் ஜூனைவிடக் கொடுமை.

2008-இல் தேசிய வானிலை சேவை இந்தக் கணக்கை மூட்டை கட்டிவிட்டது. அதற்குப் பதில் காலண்டர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் பருவம், அவ்வளவுதான். காரணம் நியாயமானதே. "இன்னும் மான்சூன் பிறக்கவில்லையே" என்று மக்கள் அலட்சியமாக இருக்கும்போதே மின்னல் ஆளைக் கொல்லலாம். புயல் பருவத்துக்குத் தேதி வைப்பது மாதிரி இதற்கும் வைத்துவிட்டால் எச்சரிக்கை சொல்வது எளிது. ஆனாலும் என் மனசு பழைய கணக்கின் பக்கம்தான். பனிப்புள்ளி காற்றிடம் கேட்டுச் சொன்னது. காலண்டர் யாரிடமும் கேட்பதில்லை. ஜூன் 15 காலை டூசானில் எழுந்து பார்த்தால் முந்தின நாளைவிட ஒரு சொட்டு ஈரமும் கூடியிருக்காது.

அந்த எச்சரிக்கை வீண் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மழைக்கு முன்னால் வருவது பல சமயம் நெருப்பு. விர்கா இறங்கும் அதே மேகம் மின்னலையும் இறக்கும். கூடவே மழை இருக்காது. காய்ந்த காடு பற்றிக்கொள்ளும். 2013 ஜூன் 28 அன்று ஃபீனிக்ஸுக்கு வடமேற்கே யார்னெல் என்ற சிற்றூர் அருகே மின்னலில் ஒரு தீ பிடித்தது. இரண்டு நாள் கழித்து இடிமேகம் ஒன்றிலிருந்து பாய்ந்து வந்த காற்று தீயைத் திசை திருப்பியது. தீயணைப்பு வீரர்கள் 19 பேர் கருகி இறந்தார்கள். மழையைக் கொண்டுவர வேண்டிய மேகம் காற்றை மட்டும் அனுப்பியது.

அதே காற்று தரிசு வயல்கள் மேல் பாய்ந்தால் புழுதிச் சுவர் எழும். 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை விழுங்கிய சுவர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் உயரம். செய்திகளில் அதை 'ஹபூப்' என்று அரபுப் பெயரால் சொல்லவே, எங்கள் ஊர்ப் புழுதிக்கு அரபுப் பெயரா என்று சிலர் பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் ஆண்டுதோறும் ஆசையோடு காத்திருக்கும் மான்சூனும் அரபுதான் என்பதை யாராவது மெதுவாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். புழுதியில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுவதுமாக ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலையும் எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சொல்லித்தரும் பாடம். சிவப்பு விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதையே சாலை என்று நம்பி வந்து மோதுவார்.

அப்புறம் வெள்ளம். பாலைவன மண் ஒரேயடியாகக் கொட்டும் நீரை உடனே உறிஞ்சாது. காலையில் மணலாகக் கிடந்த ஓடை மாலையில் காரைப் புரட்டும் ஆறாகிவிடும். தடுப்பு வைத்த ஓடையில் வண்டியை இறக்கி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவர் தலையிலேயே கட்டலாம் என்று 1995-இல் அரிசோனா ஒரு சட்டமே போட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஊர்க் காத்திருப்பிலிருந்து இது அடியோடு வேறுபடுகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை தவறினால் செம்பரம்பாக்கமும் புழலும் வறளும், குடம் தெருவுக்கு வரும். டூசானில் மான்சூன் தவறினால் குழாயில் அது தெரியாது. குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து 541 கிலோமீட்டர் கால்வாய் வழியாக மேடேறி வருகிறது. அந்த ஆற்றை நிரப்புவது தொலைவில் ராக்கி மலைகளில் குளிர்காலத்தில் விழும் பனி. கோடை மழையில் பெரும்பங்கு ஆவியாகவும் ஓடை வெள்ளமாகவும் போய்விடும். அப்படியானால் எதற்கு இத்தனை ஏக்கம்? கள்ளிக்கும் காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் அது உயிர் என்பது ஒரு பதில். வெக்கையிலிருந்து விடுதலை என்பது இன்னொன்று. 2023-இல் ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் பருவம் முழுக்கப் பெய்தது வெறும் 4 மில்லிமீட்டர். அதற்கு முன் அத்தனை வறண்ட மான்சூன் அங்கே பதிவானதே இல்லை. அந்தக் கோடையில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அந்த மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. இவ்வளவுக்குப் பிறகு மழைக்கான காத்திருப்பை ஏக்கம் என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டூசானுக்குப் பருவச் சராசரி சுமார் 145 மில்லிமீட்டர். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இதுதான். 2020-இல் பெய்தது 41. மான்சூனோடு 'இல்லை' என்ற பொருள்படும் ஆங்கில முன்னொட்டைச் சேர்த்து அந்த ஆண்டை 'நான்சூன்' என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டு 325. அதில் ஜூலை மாதம் மட்டும் 205. டூசானின் பதிவேட்டில் அவ்வளவு மழை பெய்த மாதம் வேறு கிடையாது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் எட்டு மடங்கு வித்தியாசம்! இந்த எண்களுக்குள்ளும் ஒரு குசும்பு இருக்கிறது. ஊரின் அதிகாரபூர்வ மழைமானி விமான நிலையத்தில் இருக்கிறது. இந்த மழையோ தெருவுக்குத் தெரு மாறுவது. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகிய நாளில் ஊருக்கு மழை பூஜ்யம் என்று பதிவாகலாம். நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் மழையை ஆண் மழை, பெண் மழை என்று பிரிப்பார்கள். அடித்துக்கொண்டு வரும் இடிமழை ஆண். நிதானமாக ஊற வைக்கும் மழை பெண். மான்சூன் பெரும்பாலும் ஆண் மழை, எங்கே அடிக்கும் என்று சொல்லிவிட்டு வராது.

பூமி சூடாவது இதை இன்னும் குழப்புகிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். மொத்த அளவு கூடுமா குறையுமா என்பதில் கணினி மாதிரிகள் ஒருமித்துப் பேசவில்லை.

முதல் மழைக்கு முந்திய நிமிடம் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். நமக்கு மண்வாசனை என்றால் அவர்களுக்குக் கிரியோசோட் வாசனை. பாலைவனம் முழுக்கப் பரந்திருக்கும் அந்தப் புதரின் இலைகளில் பிசின் பூசியிருக்கும். ஈரக்காற்று பட்டதும் அது மணக்கும். மழை எங்கோ தூரத்தில் பெய்தாலும் காற்று அந்த வாசனையைத் தூக்கி வந்து ஊரில் ஆசை காட்டும்.

மூக்கும் ஏமாறும், கண்ணும் ஏமாறும். ஏமாறவே கூடாத ஒருவர் மண்ணுக்கு அடியில் இருக்கிறார். பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு கருப்புத் தகடு வைத்திருக்கும் ஒருவகைத் தேரை. ஆண்டில் எட்டு, பத்து மாதம் மண்ணுக்குள் புதைந்தே கிடக்கும். அதை எழுப்புவது ஈரம்கூட இல்லை, இடியும் மழையும் தரையில் உண்டாக்கும் தாழ்ந்த அதிர்வு. ஆய்வாளர்கள் சோதித்தபோது மின்மோட்டார் ஓடிய அதிர்வைக் கேட்டே சில தேரைகள் வறண்ட மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டன. பாவம், அதுவும் ஏமாறுகிறது.

சரியான இடி விழுந்த இரவில் அவை நூற்றுக்கணக்கில் ஏறி வந்து, தேங்கிய குட்டையில் ஆடு கத்துவது மாதிரி கத்தும். அன்றிரவே முட்டை. ஓரிரு நாளில் தலைப்பிரட்டை. வேகமாக வளர்ந்தால் எட்டாம் நாள் கால் முளைத்துத் தேரையாகிவிடும். அதற்குள் குட்டை வற்றினால் அத்தனையும் காலி. பெரிய தேரைகளுக்கு அந்தக் கவலை இல்லை. முதல் மழைக்கு நம் ஊரில் போலவே அங்கேயும் ஈசல் கிளம்பும். ஒரே இரவு வயிறு முட்டத் தின்றால் ஓர் ஆண்டுக்குத் தாங்கும். தின்று முடித்ததும் பின்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டு, பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும்.